இரவு வார்டும் இருசக்கர வண்டியின் சைலன்சரும்

சென்ற ஆண்டு ஒரு நாள் காலையில் இதய நோய் வார்டிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. மாரடைப்புக்குச் சிகிச்சை பெற்றுவந்த பெரியவர் ஒருவருக்கு மூக்கிலிருந்து இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. இரத்தம் உறையாமலிருக்கத் தரப்படும் மாத்திரைகளால் சிலருக்கு இவ்வாறு நேர்வதுண்டு. கசிவை நிறுத்திய பின், “இரவில் நன்றாக உறங்குகிறீர்களா ஐயா?” என்று கேட்டேன்.

“பதினோரு மணிக்கு ஒரு தடவை விழிப்பு வந்துவிடும் டாக்டர். என் மகனுடைய வண்டிச் சத்தம் தெருமுனையிலேயே கேட்டுவிடும். வந்துவிட்டான் என்று தெரிந்துகொள்வேன். அதற்குப் பிறகு தூக்கம் வர வெகுநேரம் ஆகிறது” என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை. மகன் ஓர் இரவுகூடத் தவறாமல் துணைக்கு வருகிறான் என்ற நிறைவுதான் அவர் முகத்தில் இருந்தது. பக்கத்தில் நின்ற செவிலியர், அந்த நேரத்தில் கண்காணிப்புத் திரையில் அவருடைய நாடித்துடிப்பு உயர்வதைத் தாம் கவனித்திருப்பதாகச் சொன்னார்.

இரண்டு வாரம் கழித்து அந்த மகனே என் புறநோயாளர் பிரிவுக்கு வந்தார். விற்பனைப் பணிக்காக நாள்தோறும் மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் வண்டி ஓட்டுபவர். சில மாதங்களாக இரு காதுகளிலும் ‘ஙொய்’ என்ற ஓசை நிற்காமல் கேட்பதாகச் சொன்னார். தந்தையின் தூக்கமும் மகனின் காதும் ஒரே காரணத்தால் கெட்டிருந்தன. அந்தக் காரணம் அவருடைய வண்டியில் மாற்றிப் பொருத்தப்பட்டிருந்த சைலன்சர்.

மருத்துவமனை இதழில் வண்டியின் புகைக்குழாயைப் பற்றி எழுதுவதற்கு இதுவே காரணம். நம் வார்டுகளுக்குள் இரவில் வந்து சேரும் இரைச்சலில் ஒரு பகுதி நோயாளிகளைப் பார்க்க வருவோரின் வண்டிகளிலிருந்தே எழுகிறது. அதைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது.

சத்தம் எங்கே பிறக்கிறது?

பெட்ரோல் எஞ்சினில், எரிபொருள் எரியும் சிலிண்டரின் தலைப்பகுதியில் வால்வுகள் உள்ளன. ஒன்று காற்றும் எரிபொருளும் உள்ளே வரத் திறக்கும். மற்றொன்று எரிந்த வாயு வெளியேறத் திறக்கும். இந்த இரண்டாவது வால்வு திறக்கும் கணத்தில் சிலிண்டருக்குள் இருக்கும் வாயுவின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைப் போலப் பல மடங்கு இருக்கும். அந்த வாயு ஒரே பாய்ச்சலாகக் குழாய்க்குள் புகுகிறது. சோடா பாட்டிலைத் திறக்கும்போது எழும் ஒலியை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும்.

நான்கு வீச்சு எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை இவ்வாறு நிகழ்கிறது. நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும் ஒற்றை சிலிண்டர் வண்டியில் நொடிக்கு 25 முறை இந்த வெடிப்பு எழுகிறது. அதனால்தான் அந்த ஒலி ‘தடதட’ என்று கனமாகக் கேட்கிறது. இத்தகைய தாழ்ந்த ஒலிக்கு ஓர் இயல்பு உண்டு. கீச்சென்ற உயர்ந்த ஒலியைச் சுவரும் சன்னலும் ஓரளவு தடுத்துவிடும். தாழ்ந்த ஒலியோ அவற்றை எளிதாகக் கடந்து வந்துவிடும். மூடிய அறையிலும் வண்டியின் அதிர்வு நெஞ்சில் தட்டுவது போலத் தோன்றுவது இதனால்தான்.

சைலன்சரின் வேலை இந்த வெடிப்புகளைத் தணிப்பது. அதன் உள்ளே சிறு அறைகளும் துளையிட்ட குழாய்களும் இருக்கும். வாயு ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குச் சென்று விரியும்போது அதன் வேகம் தணிகிறது. அறைச் சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலியலைகள் எதிர்வரும் அலைகளோடு மோதி ஒன்றையொன்று அடக்குகின்றன. சிலவற்றில் கண்ணாடி இழைப் பஞ்சு திணிக்கப்பட்டிருக்கும். அது ஒலியின் ஆற்றலை உறிஞ்சி வெப்பமாக மாற்றிவிடும். உள்ளே இருக்கும் தடுப்புகளைக் கழற்றினாலோ, துளையிட்டாலோ, வெறும் குழாயைப் பொருத்தினாலோ இந்த வேலைகள் எல்லாம் நின்றுவிடுகின்றன.

குழாய்க்குள் ஒரு கதவு

அதிக ஆற்றல் கொண்ட பெரிய மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் புகைக்குழாயின் உள்ளேயும் ஒரு வால்வு இருக்கிறது. நாணயம் போன்ற ஒரு தகடு நடுவில் உள்ள அச்சில் சுழன்று குழாயைத் திறக்கவோ மூடவோ செய்யும். சிறு மின்மோட்டாரும் கம்பியும் அதை இயக்குகின்றன. 1987ஆம் ஆண்டு யமஹா நிறுவனம் ‘எக்ஸப்’ என்ற பெயரில் இத்தகைய வால்வை அறிமுகம் செய்தது. அப்போதைய நோக்கம் இழுவைத் திறன்தான். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது வால்வு குழாயைக் குறுக்கினால், உள்ளே முன்னும் பின்னும் ஓடும் அழுத்த அலைகள் ஒழுங்குபட்டு இழுவை கூடுகிறது. வேகமாகச் சுற்றும்போது வால்வு முழுதும் திறந்து வாயுவுக்கு வழிவிடுகிறது.

பிற்காலத்தில் இந்தக் கதவு இரைச்சலைக் குறைக்கவும் பயன்பட்டது. ஆனால் அதில் ஒரு சிக்கல் எழுந்தது. வண்டிகளின் இரைச்சல் ஒரு குறிப்பிட்ட வேகத்தில், குறிப்பிட்ட தொலைவில் அளக்கப்படுகிறது. அந்தச் சோதனை வேகத்தில் வால்வு மூடியிருந்து, மற்ற வேகங்களில் திறந்துகொண்டால், வண்டி தேர்வில் தேறிவிடும். தெருவில் மட்டும் அது வேறு வண்டியாக முழங்கும்.

ஐரோப்பாவில் இதை அடைக்கவே ஐக்கிய நாடுகளின் 41ஆம் எண் ஒழுங்குமுறை திருத்தப்பட்டது. எடைக்கு மிகுந்த ஆற்றல் கொண்ட வண்டிகளுக்கு 77 டெசிபல் வரம்பு விதிக்கப்பட்டதோடு, மணிக்கு 20 முதல் 80 கிலோமீட்டர் வரையிலான எந்த வேகத்திலும் ஒலி கட்டுக்குள் இருக்க வேண்டும் என்ற கூடுதல் விதியும் சேர்க்கப்பட்டது. 2016 முதல் சந்தைக்கு வந்த புதிய மாதிரிகள் இதற்கு உட்பட்டன. ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலம் 2020 ஜூன் மாதத்தில் இன்னும் ஒரு படி மேலே சென்றது. வண்டியின் ஆவணத்தில் பதிந்துள்ள நிலைநிறுத்த இரைச்சல் 95 டெசிபலைத் தாண்டினால், ராய்ட்டே வட்டாரத்தின் சில மலைச்சாலைகளில் அந்த மோட்டார் சைக்கிள் செல்லக் கூடாது என்று தடை விதித்தது. அந்த வண்டிகள் முறையாகத் தேர்வில் தேறியவையே. ஆனால் மலையடிவாரத்தில் வசிப்போரின் காதுக்குத் தேர்வு முடிவு தெரியாது.

நம் தெருக்களில் ஓடும் 100, 150 சி.சி. வண்டிகளில் பொதுவாக இந்த உட்கதவு இருப்பதில்லை. இங்கே நாம் காண்பது வேறு வகை. சைலன்சரின் முனையில் செருகப்பட்டிருக்கும், ‘டிபி கில்லர்’ என்று கடைகளில் சொல்லப்படும் தடுப்பைக் கழற்றி விடுகிறார்கள். சிலர் கம்பெனிச் சைலன்சரையே எடுத்துவிட்டு வெறுங்குழாயை மாட்டுகிறார்கள். சைலன்சருக்கு முன்பாகவே புகையை வெளியேற்றும் ‘கட்-அவுட்’ வால்வைப் பொருத்தி, வேண்டும்போது திறந்து முழங்க விடுவோரும் உண்டு.

டெசிபல் கணக்கு

டெசிபல் சாதாரண எண்ணைப் போன்றதன்று. 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரு மடங்காகிறது. 10 டெசிபல் கூடினால் பத்து மடங்காகிறது. நம் காது அதை ஏறத்தாழ இரண்டு மடங்கு உரத்த ஒலியாக உணர்கிறது.

இந்தியாவில் இருசக்கர வண்டிகளுக்குத் தயாரிப்பு நிலையிலேயே இரைச்சல் வரம்பு உண்டு. 80 சி.சி. வரை 75 டெசிபல், 80க்கு மேல் 175 சி.சி. வரை 77 டெசிபல், அதற்கு மேல் 80 டெசிபல். வண்டியை முழு விசையில் முடுக்கி, 7.5 மீட்டர் தொலைவில் ஒலிவாங்கியை வைத்து இது அளக்கப்படுகிறது. நிதானமாக ஓட்டினால் ஒலி இதனினும் குறைவாகவே இருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டாகக் கணக்கிடுவோம். 80 டெசிபல் வரம்பில் உள்ள வண்டியின் சைலன்சரை மாற்றியதால் ஒலி 95 ஆகிவிட்டது என்று கொள்வோம். வேறுபாடு 15 டெசிபல். ஆற்றலில் அது ஏறத்தாழ 32 மடங்கு. அதாவது, முறையான 32 வண்டிகள் ஒரே நேரத்தில் வாசலில் முடுக்கப்படுவதும் அந்த ஒரு வண்டி வருவதும் ஒலியாற்றலில் சமம்.

தடையற்ற வெளியில் தொலைவு இரட்டிக்கும்போது ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். எனவே 7.5 மீட்டரில் 95 டெசிபலாக இருப்பது 30 மீட்டரில் 83 ஆகும். சன்னல் சற்றுத் திறந்திருந்தால் அறைக்குள் நுழைகையில் 10 முதல் 15 டெசிபல் வரை குறையலாம். கட்டிலில் படுத்திருப்பவரின் காதை எட்டுவது 70 டெசிபலை ஒட்டிய ஒலி. மருத்துவமனை வார்டுக்குள் இரவில் சராசரி இரைச்சல் 30 டெசிபலுக்கு மேலும், தனித்து எழும் ஒலிகளின் உச்சம் 40 டெசிபலுக்கு மேலும் போகலாகாது என்பது உலக சுகாதார நிறுவனம் 1999இல் தந்த வழிகாட்டுதல். அந்த இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள தொலைவைப் பார்த்தாலே நோயாளியின் இரவு எப்படிப்பட்டது என்பது தெரிந்துவிடும்.

உறங்கும் உடலில் நிகழ்வது

கண்ணுக்கு இமை உண்டு. காதுக்கு அப்படி ஒரு மூடி இல்லை. நாம் உறங்கும்போதும் காது கேட்டுக்கொண்டேதான் இருக்கிறது. காட்டில் வாழ்ந்த காலத்தில் ஆபத்தை அறிந்து விழித்தெழ அது உதவியது. இன்றும் திடீரென எழும் ஓர் உரத்த ஒலி மூளையின் அச்சத்தைக் கையாளும் பகுதிகளைத் தட்டி எழுப்புகிறது. அங்கிருந்து நரம்புகள் வழியாகச் செய்தி பரவி அட்ரினலின், கார்ட்டிசால் போன்ற இயக்குநீர்கள் சுரக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது. இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. இரத்த அழுத்தம் உயர்கிறது.

இவையனைத்தும் நிகழ நோயாளி விழித்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆழ்ந்த உறக்கம் சற்று மேலெழுந்து மீண்டும் அமிழ்ந்துவிடும். காலையில் கேட்டால், “நன்றாகத்தான் தூங்கினேன், ஆனாலும் அசதியாக இருக்கிறது” என்பார். நலமுடையவருக்கு இது ஒரு நாள் அலுப்பு. மாரடைப்பிலிருந்து மீள்பவருக்கோ, இதயத்துக்கு ஓய்வு தேவைப்படும் இரவில் கூடுதல் சுமை. அறுவை சிகிச்சை முடிந்தவருக்குத் தூக்கம் கெட்டால் வலி கூடுதலாகத் தெரியும். முதியவர்களுக்கு உறக்கமின்மை மனக்குழப்பத்தையும் தூண்டக்கூடும்.

நீண்ட கால விளைவுகளும் உண்டு. சாலைப் போக்குவரத்து இரைச்சல் ஒவ்வொரு 10 டெசிபல் கூடும்போதும் இதயக் குருதிக்குழாய் நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 8 விழுக்காடு உயர்வதாக, உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2018இல் வெளியிட்ட வழிகாட்டு நூல் மதிப்பிடுகிறது. சாலை இரைச்சலின் இரவுச் சராசரி 45 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்றும் அது பரிந்துரைக்கிறது.

நேர்மையாக ஒன்றைச் சொல்லவேண்டும். வார்டின் இரைச்சல் முழுவதும் தெருவிலிருந்து வருவதன்று. கருவிகளின் எச்சரிக்கை மணி, தள்ளுவண்டிச் சக்கரம், எங்கள் பணியாளர்களின் பேச்சு, பார்வையாளர்களின் கைப்பேசி ஆகியவையும் அதில் சேரும். அவற்றைக் குறைப்பது எங்கள் பொறுப்பு. தெருவிலிருந்து வருவதைக் குறைக்க உங்கள் துணை வேண்டும்.

ஓட்டுபவரின் காது

உள்காதில் நத்தைக்கூடு போன்று சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குள் ஏறத்தாழ 15,000 மயிரிழை உயிரணுக்கள் வரிசையாக நிற்கின்றன. ஒலி அலையில் அவை அசைந்து அந்த அசைவை நரம்புச் செய்தியாக மாற்றுகின்றன. நெல் வயலில் காற்றடித்தால் பயிர் சாய்ந்து நிமிரும். புயலடித்தால் சில தாள்கள் ஒடிந்துவிடும். உரத்த ஒலியில் இந்த உயிரணுக்களுக்கும் அதுவே நேர்கிறது. மனிதரில் ஒடிந்தவை மீண்டும் முளைப்பதில்லை.

85 டெசிபல் ஒலியில் நாளொன்றுக்கு 8 மணி நேரம் வரை இருக்கலாம் என்று அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கிறது. ஒலி ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகிறது. 94 டெசிபலில் ஒரு மணி நேரம். 100 டெசிபலில் 15 நிமிடம். நெடுஞ்சாலை வேகத்தில் தலைக்கவசத்தைச் சுற்றி எழும் காற்றின் இரைச்சலே 90 டெசிபலைத் தாண்டக்கூடியது. அதோடு வெறுங்குழாயின் முழக்கமும் சேர்ந்தால், நாள்தோறும் மூன்று மணி நேரம் ஓட்டுபவரின் காது எத்தனை மடங்கு சுமையைத் தாங்குகிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஓடும்போது எஞ்சினை அணைத்துத் திறந்து ‘பட்டாசு’ வெடிப்போர் இன்னொன்றை அறியவேண்டும். எரியாமல் குழாய்க்குள் சேர்ந்த பெட்ரோல் சூட்டில் தீப்பற்றுவதுதான் அந்த வெடி. உரத்த ஒலி வரும்போது நடுக்காதின் சிறு தசை இறுகி ஒலியைச் சற்றுத் தணிக்கும். ஆனால் அது இறுகச் சிறிது நேரம் பிடிக்கும். வெடியொலி அதற்கு முன்பே உள்காதை அடைந்துவிடுகிறது.

இரைச்சலால் வரும் கேட்புக் குறை முதலில் 4000 ஹெர்ட்ஸ் அளவிலான உயர்ந்த ஒலிகளைத் தாக்குகிறது. ச, ஸ, ஷ போன்ற எழுத்தொலிகளை வேறுபடுத்தி அறிய இத்தகைய உயர்ந்த ஒலிகள் தேவை. எனவே தொடக்கத்தில் காது கேட்கவில்லை என்று யாரும் வருவதில்லை. “பேசுவது கேட்கிறது, ஆனால் நாலு பேர் கூடியிருந்தால் சொல் பிடிபடவில்லை” என்றே சொல்வார்கள். காதிரைச்சல் பல நேரங்களில் முதல் அறிகுறி. நான் குறிப்பிட்ட இளைஞருக்கு எடுத்த கேட்பாய்வு வரைபடத்தில் இரு காதுகளிலும் அந்த 4000 ஹெர்ட்ஸ் இடத்தில் கோடு பள்ளமாக இறங்கியிருந்தது.

இரண்டு நம்பிக்கைகள்

‘சைலன்சரை மாற்றினால் வண்டி நன்றாக இழுக்கும்’ என்பது முதல் நம்பிக்கை. எஞ்சினும் குழாயும் ஒன்றுக்கொன்று பொருந்துமாறு வடிவமைக்கப்பட்டவை. குழாயை மட்டும் மாற்றினால், மெதுவான வேகத்தில் இழுவை குறையவும் கூடும். தாழ்ந்த சுற்றில் குழாயைக் குறுக்கி இழுவையைக் கூட்டுவதற்காகத்தான் மேலே சொன்ன வால்வையே பொறியாளர்கள் கண்டுபிடித்தார்கள் என்பதை நினைவிற்கொள்ளுங்கள். மேலும், 2020 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள பி.எஸ்.6 விதிகளின்படி வரும் வண்டிகளில், புகையைத் தூய்மைப்படுத்தும் வினையூக்கி மாற்றி புகைக்குழாய்த் தொகுப்பில்தான் இருக்கிறது. முழுத் தொகுப்பையும் கழற்றினால் அதுவும் போய்விடும். நச்சுப் புகை கூடும். ஆஸ்துமா நோயாளி வீட்டில் இருந்தால் முதலில் இருமுவது அவராகத்தான் இருக்கும்.

‘சத்தம் இருந்தால்தான் முன்னால் போகிறவர் ஒதுங்குவார், விபத்து வராது’ என்பது இரண்டாவது நம்பிக்கை. புகைக்குழாயின் வாய் பின்னோக்கி இருக்கிறது. முழக்கத்தின் பெரும்பகுதி கடந்துவந்த பாதையிலேயே விழுகிறது. எதிரே திரும்பும் காருக்குள் சன்னலை ஏற்றிவிட்டு அமர்ந்திருப்பவருக்கு அது கேட்கும் என்று நம்பியிருக்க முடியாது. எரியும் முகப்பு விளக்கும், தலைக்கவசமும், நிதான வேகமும் தரும் பாதுகாப்பை ஓசை தருவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120ஆம் விதி, ஒவ்வொரு வண்டியிலும் புகை வெளியேறும் ஒலியை இயன்றவரை குறைக்கும் சைலன்சர் இருக்கவேண்டும் என்கிறது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் நம் பொருளுக்குத் தொடர்புடைய மூன்று பிரிவுகள் உள்ளன.

பிரிவு 194எஃப்: சைலன்சர் வழியாக அன்றி வேறு வழியில் புகையை வெளியேற்றும் ‘கட்-அவுட்’ உள்ள வண்டியை ஓட்டினால் 1000 ரூபாய் அபராதம். மறுமுறை 2000 ரூபாய். தேவையின்றி ஒலிப்பான் அடிப்பதற்கும், ஒலிப்பான் அடிக்கத் தடைப் பலகை உள்ள இடத்தில் அடிப்பதற்கும் இதே அபராதம்.

பிரிவு 182ஏ: அனுமதிக்கப்படாத முறையில் வண்டியை மாற்றியமைக்கும் உரிமையாளருக்கு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

பிரிவு 190: இரைச்சல், காற்று மாசு வரம்புகளை மீறி வண்டியை ஓட்டினால், முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். ஓட்டுநர் உரிமத்துக்கும் மூன்று மாதத் தகுதியிழப்பு உண்டு.

2000ஆம் ஆண்டின் இரைச்சல் மாசு விதிகளின்படி, மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத பகுதியை மாநில அரசு அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். அங்கு பகலில் 50 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 40 டெசிபல் என்பதே வரம்பு. குடியிருப்புப் பகுதிகளுக்கு அது முறையே 55, 45 டெசிபல். அமைதி மண்டலத்தில் எந்நேரமும், குடியிருப்புப் பகுதியில் இரவு நேரத்திலும், பொது நெருக்கடி அன்றி ஒலிப்பான் அடிக்கக் கூடாது.

விதிகள் போதுமான அளவுக்கு இருக்கின்றன. ஆனால் இரவு பதினோரு மணிக்கு ஒவ்வொரு மருத்துவமனை வாசலிலும் ஒரு காவலர் டெசிபல் கருவியோடு நிற்க இயலாது. சாவி வண்டி ஓட்டுபவர் கையில்தான் இருக்கிறது.

நீங்கள் செய்யக்கூடியவை

1. உங்கள் வண்டியில் கம்பெனிச் சைலன்சர் இருக்கிறதா என்று பாருங்கள். துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தாலும், எஞ்சினோடு சேரும் இடத்தில் கசிவு இருந்தாலும் இரைச்சல் கூடும். அடுத்த சர்வீஸில் சொல்லிச் சரிசெய்துவிடுங்கள். உட்கதவு உள்ள பெரிய வண்டியாயின், அந்த வால்வு துருவாலோ கரியாலோ சிக்கிக்கொள்ளாமல் அசைகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

2. பழைய வண்டியை வாங்கும்போது சைலன்சர் மாற்றப்பட்டிருக்கிறதா என்று விசாரியுங்கள். முன்னவர் செய்த மாற்றம் என்றாலும், பிடிபடும்போது பதில் சொல்லவேண்டியவர் நீங்கள்தான்.

3. மருத்துவமனைத் தெருவுக்குள் நுழைந்ததும் விசையைக் குறையுங்கள். வண்டி நிறுத்துமிடத்தில் எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருக்க வேண்டாம். இரவில் கடைசிச் சில அடிகளை எஞ்சினை அணைத்துவிட்டுத் தள்ளிச் சென்றால் இன்னும் நல்லது. நோயாளியை அவசரமாகக் கொண்டுவரும்போது மட்டும் இவை எதையும் பார்க்கவேண்டாம். பாதுகாப்பாக வந்து சேர்வதே முக்கியம்.

4. நோயாளிக்கு இரவில் தூக்கம் வரவில்லை என்றால் செவிலியரிடம் சொல்லுங்கள். தெருப்பக்கச் சன்னலை மூடுவது, கட்டிலை மாற்றுவது, காதடைப்பான் தருவது போன்ற எளிய வழிகள் உள்ளன. காதில் சீழ் வடிந்தாலோ, காதில் அறுவை சிகிச்சை நடந்திருந்தாலோ மருத்துவரைக் கேட்காமல் காதடைப்பான் வைக்கக் கூடாது. பஞ்சைத் திணிப்பதும் கூடாது.

5. நாள்தோறும் நெடுநேரம் வண்டி ஓட்டுபவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை கேட்பாய்வு செய்துகொள்ளுங்கள். வலியில்லாத சோதனை. அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

6. திடீரென ஒரு காது கேளாமல் போனால், காதடைப்பு என்று எண்ணி எண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருக்காதீர்கள். அன்றே, இயலாவிட்டால் மறுநாளே வாருங்கள். உள்காது நரம்பின் திடீர்ச் செயலிழப்பாக இருந்தால், தொடக்க நாட்களில் தரும் மருந்துக்கே பலன் மிகுதி.

7. உங்கள் தெருவில் தொடர்ந்து இத்தகைய இரைச்சல் இருந்தால், வண்டி எண், நாள், நேரம் ஆகியவற்றைக் குறித்துப் போக்குவரத்துக் காவல்துறையிடம் எழுத்து மூலம் தெரிவிக்கலாம். தெருவில் நின்று சண்டையிடுவதைவிட அது பயன் தரும்.

அந்த இளைஞரிடம் வரைபடத்தைக் காட்டி விளக்கியபோது வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அப்பாவுக்கு இந்தச் சத்தம் பிடிக்கும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்தேன் சார்” என்றார். மறுவாரமே பரணில் கிடந்த பழைய சைலன்சரை எடுத்து மாட்டிவிட்டதாகத் தெரிவித்தார். அவருடைய காதிரைச்சல் குறைந்திருக்கிறது. முற்றிலும் நீங்கவில்லை. வரைபடத்தில் விழுந்த பள்ளம் இனி நிரம்பப் போவதில்லை. அது மேலும் ஆழமாகாமல் காப்பதே நாங்கள் இப்போது செய்யக்கூடியது.

பெரியவர் வீடு திரும்பிவிட்டார். அண்மையில் மறுபரிசோதனைக்கு வந்தபோது என்னையும் பார்த்துவிட்டுப் போனார். “இப்போதெல்லாம் இவன் வீட்டுக்கு வருவதே தெரிவதில்லை டாக்டர். காலையில் எழுந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்” என்று சிரித்தார்.

உங்களுக்கு வேண்டியவர் மேல்மாடியில் உறங்கிக்கொண்டிருக்கலாம். அடுத்த கட்டிலில் வேறொருவருக்கு வேண்டியவர் உறங்கிக்கொண்டிருப்பார். இன்றிரவு நம் வாசலுக்குள் வண்டியைத் திருப்பும்போது அவர்கள் இருவரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.